மலையைக் குடைந்த இயந்திரமும் மலையின் நீரும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் நம் மலைநாட்டுப் பாறைகளைக் குடைந்தவை எறும்புகளல்ல. முதலில் தொழிலாளரின் கைகளும் வெடிமருந்தும், பின்னர் பேரியந்திரமும். மின்விளக்கின் கீழமர்ந்து இம்மலரைப் படிக்கும் அன்பர்கள், அவ்வொளி வந்த வழியைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

நமது ஹட்டன் பகுதியின் அருவிகளைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் பெறலாம் என்று 1918ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1924இல் தொடங்கிய லக்ஷபான வேலை இடையில் தடைப்பட்டு, 1950ஆம் ஆண்டிலேதான் பயன் தந்தது. நோர்ட்டன் பிரிட்ஜில் தேக்கிய நீர் மலைக்குள் வெட்டிய சுரங்கத்தின் வழியே சென்று, குழாய்களில் இறங்கி, சக்கரங்களைச் சுழற்றியது. பாறையில் துளையிட்டு, மருந்து வைத்துத் தகர்த்து, கல்லை அள்ளி வெளியேற்றுவதே அந்நாளைய முறை.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராபின்ஸ் என்பவர் புதியதோர் இயந்திரம் அமைத்தார். மிசூரி ஆற்றின் ஓஹே அணைக்கட்டுச் சுரங்கங்களில் 1950களின் முற்பகுதியில் அது வேலை செய்தது. முன்புறத்து வட்டத் தலை சுழன்று பாறையைச் சுரண்டும். உதிர்ந்த கல் பின்னே செல்லும். அங்கிருந்தது மென்மையான களிப்பாறை. பின்னர் எஃகுத் தட்டுச் சக்கரங்கள் பொருத்தப்படவே, கடும்பாறையும் அதற்கு வசப்பட்டது. வெடியதிர்ச்சி இல்லை, வேகம் மிகுதி.

இவ்வியந்திரம் ஊவா மலைக்குள் புகுந்தது உமா ஓயாத் திட்டத்திலாகும். புகுல்பொல, டயரபா ஆகிய இடங்களில் அணை கட்டி, மகாவலியைச் சேரும் உமா ஓயாவின் நீரில் ஒரு பகுதியைத் தெற்கே திருப்பி, வெல்லவாய அருகே நிலத்தடியில் 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பதே நோக்கம். ஈரானிய நிறுவனமொன்று பொறுப்பேற்ற இவ்வேலையில், ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான முதன்மைச் சுரங்கம் பெரும்பாலும் இயந்திரத்தாலேயே குடையப்பட்டது.

2014 டிசெம்பரில் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. பண்டாரவளைச் சுற்றுப்புறங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. 2017இலும் கசிவு நேர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் மக்கள் திரளாய்ப் பண்டாரவளையில் எதிர்ப்புத் தெரிவித்தனர். பாறை வெடிப்புகளில் சீமெந்துக் குழம்பு செலுத்திக் கசிவை அடைக்க வேண்டியதாயிற்று. காலந்தாழ்ந்த திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது.

இதன் காரணம் மாயமன்று. மலை வெறுங்கல் அன்று. அதன் வெடிப்புகளில் மழைநீர் தங்கியிருக்கிறது. அவ்வெடிப்பைச் சுரங்கம் அறுத்தால், நிறைகுடத்தின் அடியில் துளையிட்டதற்கு ஒப்பாகும். இயந்திரமோ சுரங்கத்தின் முகத்தை மறைத்து நிற்கும். ஆகையால் முன்கூட்டியே சிறு துளைகளிட்டு நீரை அறிந்து, அடைத்து, அதன் பின்னரே முன்னேறல் வேண்டும். வேகம் தரும் கருவிக்கு விவேகம் தருவது மனிதனின் கடமை.

நமக்கு இது அயலார் கதையன்று. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில், நீர் வற்றும்போதெல்லாம் தலைகாட்டி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே நீர் ஓர் ஊரை மூடியது. ஊவாவிலே ஊரின் நீரே மறைந்தது. லயத்துப் பீலியில் குடம் பிடிக்கும் தாய்க்கு அந்த ஊற்றே உயிர்.

மின்சாரம் வேண்டாமென்பது நம் கருத்தன்று. விமலசுரேந்திர கண்ட கனவு நாட்டுக்கு நன்மையே செய்தது. ஆயினும் மலையைக் குடையுமுன் மலையில் வாழ்வோரிடம் கேட்டல் வேண்டும். எங்கே ஊற்றுண்டு, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பதை அவர்களே அறிவர். வாலிப அன்பர்களே! பாறையின் இயல்பையும் நீரின் வழியையும் கற்றுத் தேருங்கள். நாளை ஒரு வரைபடம் விரிக்கப்படும்போது, அதன் முன்னே அமர்ந்து பேசுவோருள் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும்.