கருவிலுள்ள குழந்தையின் கல்லீரலைக் காக்கும் கோலின்

கர்ப்பிணிகள் மறக்காமல் சாப்பிடும் மாத்திரைகள் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும்தான். கோலின் என்ற சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால், குழந்தையின் மூளைக்கு மட்டுமன்றிக் கல்லீரலுக்கும் அது தேவைப்படுகிறது.

கோலினுக்கும் கல்லீரலுக்கும் உள்ள தொடர்பு 1930களில் கனடாவின் டொரோண்டோ நகரில் தெரியவந்தது. கணையம் அகற்றப்பட்டு, இன்சுலினால் உயிர்வாழ்ந்த நாய்களின் கல்லீரலில் கொழுப்பு மண்டியது. லெசித்தின் கொடுத்ததும் அது குறைந்தது. அதிலுள்ள கோலினே காரணம் என்பதை, இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்காற்றிய சார்ல்ஸ் பெஸ்ட்டின் குழுவினர் காட்டினர்.

கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பைச் சிறு பொதிகளாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. அந்தப் பொதிகளின் மேலுறையைச் செய்யக் கோலின் வேண்டும். அது போதாவிட்டால் கொழுப்பு வெளியேற வழியின்றிக் கல்லீரலிலேயே தங்கிவிடும். மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தில் கூறுகளையும் கோலின் தருகிறது.

தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடக் குழந்தையின் இரத்தத்தில் கோலின் அதிகம். நஞ்சுக்கொடி அதை விடாமல் குழந்தைக்குக் கடத்துகிறது. அதாவது, இருப்பு கரைவது தாய்க்குத்தான்.

கொழுப்பு மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட கர்ப்பிணிச் சுண்டெலிகளின் குட்டிகளுக்குக் கருவிலேயே கல்லீரலில் கொழுப்பு கூடுகிறது. தாய்க்குக் கூடுதல் கோலின் கொடுத்த சோதனைகளில் அந்தக் கொழுப்பு குறைந்தது. எலிகளில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நாளுக்கு 930 மில்லிகிராம் கோலின் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு, 480 மில்லிகிராம் பிரிவைவிடத் தொப்புள்கொடி இரத்தத்தில் கார்ட்டிசோல் குறைவாக இருந்தது. அது கல்லீரலை நேரடியாக அளந்த ஆய்வு அல்ல.

அமெரிக்கப் பரிந்துரைப்படி கர்ப்பிணிக்கு நாளுக்கு 450 மில்லிகிராமும், பாலூட்டும் தாய்க்கு 550 மில்லிகிராமும் தேவை. ஒரு பெரிய முட்டையில் சுமார் 147 மில்லிகிராம் உண்டு. பெரும்பகுதி மஞ்சள் கருவில். கொழுப்புக்குப் பயந்து மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுவோர், இந்தச் சத்தையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள். கோழி, மீன், பால், சோயா, தெம்பே, நிலக்கடலை ஆகியவற்றிலும் கோலின் உண்டு. முட்டையும் சேர்க்காத சைவர்கள்தாம் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மாட்டு ஈரலில் கோலின் மிகுதி என்றாலும், அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ கருவுக்கு ஆகாது என்பதால் கர்ப்ப காலத்தில் அதை நாடுவது நல்லதல்ல.

கர்ப்பகால மாத்திரைகளில் போதிய கோலின் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2017இல் வலியுறுத்தியது. ஆயினும் பல மாத்திரைகளில் அது இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு. பெட்டியில் அச்சிட்ட அளவைப் படித்துப் பார்த்து, தனியாகக் கோலின் வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்பது அவசியம். பெரியவர்களுக்கான உச்ச வரம்பு நாளுக்கு 3,500 மில்லிகிராம்; அதைத் தாண்டினால் இரத்த அழுத்தம் குறையலாம், உடலில் மீன் வாடையும் வீசலாம்.