கல்லும் சிலிண்டரும்

மன்னார்க் கடலின் முத்துச் சலாபங்களைப் பற்றி எழுதியவர்கள் முத்தையே பெரிதும் வியந்தார்கள். நான் வியப்பது சுழியோடியின் காலடியிலிருந்த கல்லை.

5 முதல் 10 பாகம் ஆழத்துக்கு இறங்க, அவர் கயிற்றில் கட்டிய கல்லின் மீது காலை ஊன்றிக்கொள்வார். தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்; தோணியிலிருப்பவர் அதனை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பி அள்ளிய பின் கயிற்றை அசைத்தால் சுழியோடியையும் இழுத்தெடுப்பார். கயிறு பிடிக்க மைத்துனரையே அமர்த்துவர் என்று சொல்வதுண்டு. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்திலும் பாரம் இறங்குவதற்கு மட்டுமே பயன்பட்டது.

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கானியானும் உருவாக்கிய சுவாசக் கருவி இவ்வழக்கை மாற்றியது. பாரம் முதுகில் ஏறியது. கயிறு பிடிப்பவர் மறைந்தார்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கின்றது. அங்கு செல்பவர் 12 லீற்றர் சிலிண்டர்கள் இரண்டைச் சுமப்பதாகக் கொள்வோம். 200 பார் அழுத்தத்தில் அவற்றிலுள்ள காற்றின் நிறை மட்டும் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூச்சு விட விட அந்தப் பாரம் கரைகின்றது. உடலில் கரைந்த நைதரசன் வெளியேறுவதற்காக 6 மீற்றரிலும் 3 மீற்றரிலும் அவர் நெடுநேரம் தரித்து நிற்க வேண்டிய வேளையில்தான் அவர் மிக இலேசாக இருக்கின்றார். அங்கே தக்கை போல் மேலெழுந்தால் குருதியில் குமிழிகள் தோன்றும். பாரிசவாதமோ மரணமோ நேரலாம்.

ஆகவே பாரத்தைப் பயணத்தின் முடிவுக்கே கணக்கிட வேண்டும். சிலிண்டர்கள் வெறுமையாகும் தறுவாயிலும் 3 மீற்றரில் அசையாது நிற்க முடிய வேண்டும். தொடக்கத்தில் மிகும் பாரத்தைக் காற்றுப் பை தாங்கும். அந்தப் பை கிழிந்தாலும் நீந்தி மேலேற முடிய வேண்டும் என்பது இரண்டாவது விதி. எமது வெப்பக் கடலில் மெல்லிய உடையுடன் கனத்த உருக்குச் சிலிண்டர்களைப் பூட்டினால் இவ்விதி மீறப்படக்கூடும். அலுமினியச் சிலிண்டரோ வெறுமையாகும்போது மிதக்கத் தொடங்கும். அதற்கும் ஈயம் சேர்க்க வேண்டும்.

கடலட்டைக்காகச் சிலிண்டர் பூட்டி இறங்கிய எமது கரையோர இளைஞர் சிலர் கால்கள் செயலிழந்து கரையேறியிருக்கின்றனர். ஒரே நாளில் பலமுறை மூழ்கி, தரிக்காமல் மேலெழுவதே இதற்கு முதற் காரணம். அவர்களுக்குக் கருவி கிடைத்தது, கணக்கு கிடைக்கவில்லை. அன்று கயிறு பிடித்தவர் சுமந்த பொறுப்பு இன்று மூழ்குபவரையே சேர்ந்தது. அதை அவருக்குக் கற்பிக்காமல் சிலிண்டரை மட்டும் கொடுப்பது அநியாயம் என்பேன்.