மன ரேடியோ (ஓர்வகல்லு)

மன ரேடியோ, ஆந்திரப் பிரதேசத்தின் கர்னூல் மாவட்டம் ஓர்வகல்லில் சுயஉதவிக் குழுப் பெண்கள் 2002 அக்டோபரில் தொடங்கிய கிராம வானொலி. ‘மன’ என்றால் தெலுங்கில் ‘நம்முடைய’. திருப்பதியும் சித்தூரும் சேர்ந்த ராயலசீமையின் வடபகுதியில், ஊரளவுக்கே எட்டும் சிறிய டிரான்ஸ்மிட்டருடன் அது இயங்கியது. ஆறு மாதம் நிறைவதற்குள், 2003 தொடக்கத்தில், மத்திய தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரிகள் வந்து கருவிகளைப் பறிமுதல் செய்தனர். உரிமம் இல்லாத ஒலிபரப்பு என்பதே குற்றச்சாட்டு. ஒலிபரப்பில் என்ன பேசினார்கள் என்பது வழக்கே அல்ல.

சட்டப்படி அதிகாரிகள் பக்கம் வலுவானது. 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம் தந்தி அமைப்பை நடத்தும் தனியுரிமையை மத்திய அரசுக்குத் தந்தது. 1933-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதே குற்றம். வானொலி கேட்பதற்குக்கூட தபால் ஆபீஸில் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் புதுப்பித்த காலம் 1980-கள் வரை நீடித்தது என்பதை நினைத்தால், ஓர்வகல்லில் நடந்தது வியப்பில்லை.

ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1995 பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு வந்தும் சட்டம் மாறவில்லை. 2002 டிசம்பரில் அரசு சமுதாய வானொலிக்குக் கதவைத் திறந்தபோதும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி அளித்தது. அப்படித்தான் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் ஒலிக்கத் தொடங்கியது. ஓர்வகல்லுப் பெண்களோ விண்ணப்பிக்கவே தகுதியில்லாதவர்கள். விதியை மீறினார்கள் என்று அவர்களைச் சொல்வதைவிட, அவர்களுக்கென்று விதியே இல்லை என்பதுதான் சரி.

இதே காலத்தில் மற்றவர்கள் வேறு வழி பிடித்தனர். சித்தூர் எல்லையை ஒட்டிய கோலார் மாவட்டத்தில், ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சொல்லப்படும் பூதிகோட்டேயில், ‘நம்ம த்வனி’ குழுவினர் அலையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தார்கள்: நிகழ்ச்சிகள் கேபிள் வழியே வீடுகளுக்குப் போயின. அப்போதைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தக்காண வளர்ச்சிக் கழகம் யுனெஸ்கோ உதவியுடன் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தது. தலித் பெண்கள் விதை, உணவு, வைத்தியம், பாட்டு என்று பதிவு செய்து, அந்த கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். கூடம் இருந்தும் ஒலிபரப்ப முடியாமல் ஏறத்தாழ பத்தாண்டு காத்திருந்தனர். பீகாரின் மன்சூர்பூரில் மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா கட்டி நடந்த ராகவ் எஃப்.எம். காத்திருக்கவில்லை; 2006 மார்ச்சில் மூடப்பட்டது.

அந்த ஆண்டு நவம்பரில்தான் தன்னார்வ அமைப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது. 100 வாட் திறன், 30 மீட்டர் கோபுரம் என்பவை உச்சவரம்பு. மேடக் பெண்களின் சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் முறைப்படி ஒலித்தது; கல்வி வளாகத்துக்கு வெளியே இயங்கிய நாட்டின் முதல் சமுதாய வானொலி அது. தொடங்கி வைத்தவர் 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரான பி.பி. சாவந்த்.

உரிமம் பெற்றபின்னும் தகராறு தீர்ந்தபாடில்லை. 2012-இல் அலைக்கற்றைக் கட்டணம் ஆண்டுக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ஆக உயர்த்தப்பட்டது. நிலையங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தபின் உயர்வு கைவிடப்பட்டது. 2024 வழிகாட்டு நெறிகள் மணிக்கு 12 நிமிட விளம்பரத்துக்கு இடம் தருகின்றன. செய்தி மட்டும் இன்றும் கட்டுப்பாட்டுக்குள்தான்: வானிலை, தேர்வு அறிவிப்பு, குடிநீர், மின்தடை போன்ற உள்ளூர்த் தகவல் சொல்லலாம், ஊர் அரசியலைத் தாங்களாகச் செய்தியாக வாசிக்க முடியாது.