வாயெரிச்சல்: நோய்களை வேறுபடுத்தி அறிதல்

காரம் பட்டால் எரிவது, புண்ணாவது, வெள்ளை படர்வது ஆகியவை பல வாய்நோய்களுக்குப் பொதுவான அறிகுறிகள். விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்து அனந்தபுரம் போன்ற ஊர்களில் இவற்றை "உடம்புச் சூடு" என்பார்கள். மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் முதல் வைத்தியம். சாதாரண வாய்ப்புண்ணுக்கு அதனால் கெடுதல் இல்லை. வட்டமாக, நடுவில் மஞ்சளாக, ஓரம் சிவந்து வலிக்கும் அப்புண் ஓரிரு வாரத்தில் தானே ஆறும். இரும்புச்சத்து, பி12 குறைந்தால் நாக்கு வழுவழுப்பாகும், கடைவாய் வெடிக்கும்.

வெள்ளைப் படலத்தைக் காஸ் துணியால் துடைத்துப் பார்ப்பார்கள். பூஞ்சை பெரும்பாலும் தயிர்த்திட்டுப் போல உரிந்து, அடியில் சிவப்புத் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பல்செட் போட்டவர்களுக்கும் இது அதிகம். இரு கன்னங்களிலும் பின்னலாக வெண்கோடுகள் இருந்தால் அது லைக்கன் பிளானஸ் என்ற நோயாக இருக்கலாம். புகையிலை அடக்கும் இடத்தில் துடைத்தும் போகாத தடிப்பு லூக்கோபிளேக்கியாவாக இருக்கலாம். அது புற்றாக மாறக்கூடியது.

அதிகம் தவறவிடப்படுவது வாய் இறுக்க நோய் (சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்). 1952இல் ஷுவார்ட்ஸ் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு பம்பாயில் ஜோஷி விவரித்தார். காரணம் பாக்கு. அதிலுள்ள அரிக்கோலின் நார்த்திசுவைப் பெருக்குகிறது, செம்பு அந்த நாரை இறுக்குகிறது. தொடக்கத்தில் எரிச்சல் மட்டுமே இருப்பதால் "சூடு" என்று விட்டுவிடுகிறார்கள். மாத்திரையும் பாக்கும் சேர்ந்தே தொடர்கின்றன. பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறுகிறது, விரலால் தடவினால் நார்ப்பட்டைகள் தட்டுப்படுகின்றன. நோயாளியின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொன்னால் நுழையாது. ஒருமுறை இறுகிய வாய் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது அரிது. இதுவும் புற்றுக்கு முன்னோடி நோயே.

புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. தமிழ்நாடு 2013இல் பாக்கும் புகையிலையும் கலந்த குட்காவைத் தடைசெய்தது. ஆனால் வெறும் பாக்கு எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. புகையிலை போடாதவருக்கும் ஆபத்து உண்டு என்பதை மருத்துவர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கூர்மையான பல் உரசிய புண், அந்தப் பல்லைச் சரிசெய்ததும் ஆறிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் ஆறாத புண், தொட்டால் கெட்டியான விளிம்பு, கழுத்தில் கட்டி ஆகியவை தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதற்குச் செஞ்சி வட்டாரத்தார் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லலாம்.