மண்ணைப் படிக்கப் போனவர்கள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியால் செல்பவருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலுள்ள மணற்கீற்றில்தான் நமது ஊர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி என்ற பெயர்ப்பலகைகளுக்கு இங்கு குறைவில்லை. மண்ணியலாளர் என்றொரு பலகையை என் பத்திரிகை வாழ்வில் நான் கண்டதில்லை. நெல்லால் எழுந்த போடியார் வீடுகளிலும்கூட இல்லை.

அறிவு இல்லாமலில்லை. களி எது, இருவாட்டி எது, உவர் ஏறிய துண்டு எது என்பதை வட்டை விதானைமார் மண்ணைக் கையிலெடுத்தே சொல்லிவிடுவர். ஆனால் 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டபின் வேளாண்மையின் கணக்கே மாறிற்று. வாய்க்கால் நீர், புதுநெல், மூட்டைப் பசளை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 1952இல் பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. முருங்கைக்காயன் என்ற உள்ளூர் நெல்லையும் மாஸ் என்ற இந்தோனேசிய நெல்லையும் கலந்து எச்-4 உருவாயிற்று. அந்த முதல் பெயரிலேயே தமிழ் மணக்கிறது. கலந்தவர்களில் நம்மூரார் எவரும் இருந்ததாக நான் படித்ததில்லை. 1961இல் மூர்மனும் பானபொக்கேயும் இலங்கை மண்களை வகைப்படுத்தி வெளியிட்டனர். அம்பாறை தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான்.

மண்ணையும் பயிரையும் பட்டத்துக்குப் படிக்க விரும்பியவருக்கு 1970களின் பிற்பகுதி வரை பேராதனை விவசாய பீடம் ஒன்றே வழி. பட்டம் பெற்றால் திணைக்களத்தில் ஆராய்ச்சி உத்தியோகத்தராகலாம். 1975இல் அங்கேயே பட்டப்பின் விவசாய நிறுவனமும் தோன்றிற்று. வழி இருந்தது, மதிப்புத்தான் இருக்கவில்லை. உயிரியல் படித்தவன் வைத்தியத்துக்குப் புள்ளி எட்டாவிட்டால் போகுமிடம் விவசாயம் என்பதே ஊரின் எண்ணம்.

1981இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானம், விவசாயம் ஆகிய பீடங்களுடன் திறக்கப்பட்டபோது அவ்வழி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது போலிருந்தது. பத்தாண்டு ஆகுமுன்னரே, 1990இன் கொடூரங்கள் அப்பாதையை முஸ்லிம் மாணவருக்கு அடைத்துவிட்டன. 1995இல் அஷ்ரப் அவர்களின் முயற்சியால் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உதித்தது. வயல் சூழ்ந்த நம் பிரதேசத்தில் முதலில் வந்தவை கலையும் வர்த்தகமும். அவசரத்தில் பிறந்த பிள்ளை. குறைகூற மனம் வரவில்லை. பிரயோக விஞ்ஞான பீடம் பின்னரே சம்மாந்துறையில் அமைந்தது.

இந்தக் குறை எவ்வளவு பெரிது என்பதை 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதுதான் உணர்ந்தேன். சேதனப் பசளை எவ்வளவு போடவேண்டும் என்று விவசாயிகள் பத்திரிகைக்காரனிடம் கேட்டார்கள். கலைப் பட்டதாரியான நான் விழித்தேன். கணக்கோ எளியது. 50 கிலோ யூரியா மூட்டையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுள்ள எருவில் அதைப் பெற 2,300 கிலோ வேண்டும். அதிலும் பெரும்பகுதி அந்தப் போகத்தில் பயிருக்குக் கிட்டாது, மெல்ல மெல்லவே மண்ணில் கரையும். இதை மேடையேறி ஊருக்குச் சொல்ல ஊருக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்? நவம்பரில் தடை நீங்கிற்று. பெரும்போகப் பயிரோ அதற்குள் விதைக்கப்பட்டு, பசளையின்றி மஞ்சளித்து நின்றது.

2022 அறுவடையில் பாதி நெல்லும் வீடு வராத ஓர் உறவினர் குடும்பத்தில், அதே ஆண்டு மகனுக்கு விவசாய பீடம் கிடைத்தது. வாழ்த்தச் சென்ற என்னிடம் தகப்பனார், "இன்னொரு தடவை எழுதட்டும், டொக்டருக்குப் பார்ப்போம்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.