தடை செய்யப்பட்ட விளையாட்டு

சின்னஞ்சிறு குழந்தைகள் பந்து உருட்டி விளையாடுவதை ஓர் அரசு ஆணை பிறப்பித்துத் தடுத்தது என்றால் நம்புவது கடினமே. 1851 ஆகஸ்டு 7-ஆம் நாள் பிரஷ்ய அரசு அதைத்தான் செய்தது. கல்விக்கும் சமயத்திற்கும் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் ஃபான் ராவ்மர், தம் நாட்டில் கிண்டர்கார்டன் பள்ளிகள் இயங்கலாகாது என்றார். அவை நாத்திகத்தையும் பொதுவுடைமைக் கொள்கையையும் பிஞ்சு உள்ளங்களில் விதைக்கின்றன என்பது குற்றச்சாட்டு.

அப்பள்ளிகளைத் தோற்றுவித்த ஃபிரெடரிக் ஃபிரோபெல் நாத்திகரா? 1782-இல் துரிங்கியா மலைநாட்டில் லூத்தரன் சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். ஒரு வயது நிறையுமுன்பே தாயை இழந்தார். இளமையில் பெர்லின் கனிமக் காட்சியகத்தில் பணிபுரிந்தபோது, உயிரற்ற படிகங்களும் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டு வளர்வதைக் கண்டு வியந்தார். படைப்பு முழுவதிலும் இறைவனின் ஒரே நியதி ஓடுகிறது என்பதே 1826-இல் அவர் வெளியிட்ட 'மனிதனின் கல்வி' என்னும் நூலின் அடித்தளம். குழந்தையினுள்ளும் அந்நியதி செயல்படுகிறது. விளையாட்டில்தான் அது வெளிப்படுகிறது என்று அவர் நம்பினார்.

1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் தொடங்கிய தம் நிலையத்திற்கு, 1840-இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார். அங்கே மெய்யாகவே தோட்டமும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி. அதையொட்டி அனைவருக்கும் பொதுவான பாத்திகள். (நம் ஊர்ப் பள்ளிகளின் 'கே.ஜி.' என்ற ஈரெழுத்தில் ஒளிந்திருப்பது இந்தத் தோட்டமே. மூன்று வயதில் வீட்டுப்பாடம் எழுதும் நம் பிள்ளைகளிடம் இதை யார் சொல்வது?)

விளையாட்டுப் பொருள்களை அவர் 'கொடைகள்' என்றழைத்தார். முதற்கொடை ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகள். நூலில் கட்டிய பந்தை மறைத்தும் காட்டியும் ஆடும் தாயிடமிருந்து 'இருந்தது, இல்லை, மீண்டும் வந்தது' என்னும் காலத்தின் முதற்பாடத்தைக் குழந்தை கற்கிறது. இரண்டாவது, மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. அதைப் பிரித்து அடுக்கினால் நாற்காலியாகும். சுற்றிவர வைத்தால் கோலம் போன்ற அழகு வடிவமாகும். இரண்டாகவும் நான்காகவும் பகிர்ந்தால் பின்னக் கணக்காகும். ஆடி முடித்தபின் எட்டையும் சேர்த்து மீண்டும் ஒரே கனசதுரமாக்க வேண்டும். உடைப்பதில் குழந்தைக்கு இயல்பாகவே உள்ள ஆசையைக் கண்டிக்காமல், அதிலிருந்தே பகுதியையும் முழுமையையும் உணர்த்திய நுட்பம் இது.

தடைக்கு ஓர் ஆள்மாறாட்டக் குழப்பமும் காரணமாயிற்று. ஃபிரோபெலின் அண்ணன் மகன் கார்ல், பெண்களின் உயர்கல்வி பற்றி எழுதிய சிறுநூலை ஆணை சுட்டியிருந்தது. 'அது என் நூலன்று' என்று ஃபிரோபெல் விளக்கியும் பயனில்லை. ஆனால் குழப்பம் மட்டுமே காரணமென்று கொள்வதற்கில்லை. 1848-ஆம் ஆண்டுப் புரட்சியைக் கண்டு அஞ்சியிருந்த அரசுக்கு, தானே சிந்தித்துப் பழகும் குழந்தையும், அதற்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்று வெளிவரும் இளம்பெண்களும் உவப்பாக இருந்திருக்க முடியாது.

1852 ஜூன் 21-இல், தடை நீங்காமலே ஃபிரோபெல் இறந்தார். ஆனால் தடை ஒருபுறமிருக்க, அவர் முறை கடல் கடந்தது. 1856-இல் மார்கரேத் ஷுர்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி அமெரிக்காவின் வாட்டர்டவுனில் தம் வீட்டிலேயே அத்தகைய பள்ளியைத் தொடங்கினார். மாரன்ஹோல்ட்ஸ் பியூலோ சீமாட்டி, இலண்டனிலும் பாரிசிலும் ஃபிரோபெலின் கருத்தைப் பரப்பினார். 1860-இல் பிரஷ்யா ஆணையைத் திரும்பப் பெற்றது. ஷ்வைனா ஊர்க் கல்லறையில் ஃபிரோபெலுக்கு எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் ஒரு கனசதுரம், அதன்மேல் ஓர் உருளை, அதன்மேல் ஒரு கோளம்.