ஆய்க்குடியில் பிறந்த வகுப்பறை

1975 ஜனவரி 10. கடற்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு பெங்களூரில் கடைசிக் கட்டத்தில் இருந்தது. வந்திருந்த இளைஞர்களில் ராமகிருஷ்ணனும் ஒருவர். தென்காசியை அடுத்த ஆய்க்குடிக்காரர், பொறியியல் நான்காம் ஆண்டு மாணவர். உடல்திறன் சோதனைகளில் ஒன்றை மரத்தின் மேலிருந்து செய்ய வேண்டியிருந்தது. அதில் தவறி விழுந்தார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. உடல் உரமாக இருக்கிறதா என்று பார்க்க வைத்த சோதனையிலேயே, கழுத்துக்குக் கீழே அந்த உடல் அசைவற்றுப் போனது.

பெங்களூர் ராணுவ மருத்துவமனையிலிருந்து புனே அருகே கிர்கியில் உள்ள ராணுவ மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். தண்டுவடக் காயம் மற்ற காயங்களைப் போன்றதல்ல. எலும்பு கூடிவிடும்; அறுந்த நரம்புப் பாதை திரும்ப ஒட்டாது. படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவதில் தொடங்கி, ஒரு வாய் சோறு ஊட்டுவது வரை இன்னொருவர் கை வேண்டும். மாதக் கணக்கில் நீண்ட அந்தச் சிகிச்சையின்போது அவரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சீக்கிய மருத்துவர், ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். பிழைத்த உயிரை வைத்து ஏதாவது செய்யலாம் என்ற தைரியம் அவரிடமிருந்து வந்தது. அந்தப் பெயர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர் ஒன்றில் வேர்விடப் போகிறது என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

ராமகிருஷ்ணன் ஊர் திரும்பினார். ஆய்க்குடி வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். அங்கே முருகன் பாலசுப்ரமணியராக, குழந்தையாக நிற்கிறார். அனுமன் நதிப் படிக்கட்டில் பாயசத்தை ஊற்றிக் குழந்தைகளைக் குடிக்க வைக்கும் படிப்பாயச வேண்டுதல் அந்தக் கோயிலுக்கே உரியது. குழந்தையைக் கொண்டாடும் ஊர்தான். ஆனாலும் இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய பிள்ளைக்கு அந்த வட்டாரத்தில் படிக்க வழி இருந்ததா?

வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய திருநெல்வேலிச் சீமைக்கு இதில் பெருமைக்குரிய வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் மிஷனரிப் பெண்மணிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தனித்தனிப் பள்ளிகள் நடத்தினார்கள். ராமகிருஷ்ணன் விழுவதற்கு முந்தைய ஆண்டில், 1974இல், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளிலேயே படிக்க வைக்க மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆனால் பாளையங்கோட்டை தூரம். டெல்லி அதைவிடத் தூரம். நடக்க முடியாத பிள்ளையைத் தினமும் இடுப்பில் சுமந்து பள்ளியில் விட்டுவர, கூலி வேலைக்குப் போகும் தாயால் முடியாது. அந்தப் பிள்ளைகள் திண்ணையிலேயே வளர்ந்தார்கள். வீட்டுக்குள்ளேயே அடைபட்ட ஒருவர் அவர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அதிர்ஷ்டம் வெகு தூரத்திலிருந்து வந்தது. 1976 டிசம்பரில், வரப்போகும் 1981ஐ ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாகக் கொண்டாட ஐ.நா. பொதுச்சபை முடிவு செய்தது. உலகெங்கும் மாநாடுகள், தபால்தலைகள், உறுதிமொழிகள். அப்படிப்பட்ட ஆண்டுகள் டிசம்பர் 31உடன் முடிந்துபோவதே வழக்கம். ஆய்க்குடியில் மட்டும் அது முடியவில்லை. கழுத்துக்குக் கீழே அசைவற்ற அந்த மனிதர், அதே 1981இல், ஒரு கூரைக் கொட்டகையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். வந்து சேர்ந்த பிள்ளைகள் ஐந்தே பேர். நிலைக்குமா என்று கேட்டவர்களுக்குக் காட்ட, அந்த ஐந்து பேரைத் தவிர வேறு சான்று இல்லை.

பெயர் ஒன்று வைக்க வேண்டியிருந்தது. நன்கொடையாளர் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைத்திருக்கலாம். ராமகிருஷ்ணன் கிர்கி மருத்துவரை நினைத்தார். இன்று தென்காசி வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லும் அமர் சேவா சங்கம் அப்படித்தான் பிறந்தது. குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் வருகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்த 'அமர்' ஒரு பஞ்சாபி மருத்துவரின் பெயரில் பாதி.

அந்தப் பள்ளிக்கு அமைந்த பெரிய நன்மை, அதை நடத்தியவரே சக்கர நாற்காலியில் இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவரே படியேற முடியாத இடத்தில் சாய்தளம் கேட்டு யாரும் மனுப் போட வேண்டியதில்லை. வாசலில் ஆரம்பித்துக் கழிப்பறை வரை எல்லாமே அவர் போய்வரும்படி அமைந்தாக வேண்டும். மற்ற ஊர்களில் பள்ளிக்கு ஏற்றபடி பிள்ளையை மாற்ற முயன்றார்கள். இங்கே பிள்ளைக்கு ஏற்றபடி பள்ளி அமைந்தது. ஆனால் தேவைகள் பெருகின. விடுதி, காலைத் தாங்கும் காலிப்பர் செய்யும் பட்டறை, இயன்முறை சிகிச்சை. ஒருவர் தலையில் தாங்கக்கூடிய பாரமாக அது இல்லை.

1992இல் அடுத்த திருப்பம். சென்னையில் தொழில் செய்துவந்த ஆடிட்டர் சங்கரராமன் ஆய்க்குடிக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் தசைச்சிதைவு நோய். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்கிறவர். ஒரு பட்டயக் கணக்காளரின் கண்டிப்பு நிர்வாகத்துக்குள் வந்தது. ஒருவர் கனவு, இன்னொருவர் கணக்கு என்று பிரித்துவிடுவது எளிது. ஆனால் சக்கர நாற்காலியில் இருந்த இருவர் ஊர் உலகத்திடம் உரிமையோடு கேட்டு ஒரு நிறுவனத்தை எழுப்பினார்கள் என்பதுதான் பெரிய செய்தி. கொட்டகைப் பள்ளி வளர்ந்து சிவசரஸ்வதி வித்யாலயா ஆனது. காலிப்பர் போட்ட பிள்ளையும், வயலோர வீட்டிலிருந்து ஓடிவரும் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

உலகம் பின்னால்தான் வந்தது. 1994 ஜூனில் ஸ்பெயினின் சலமான்காவில் 92 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியிலேயே இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே இந்திய நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நிறைவேற்றியது. கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் வகுப்பறைக்கு வந்துசேரும் பிள்ளைகளிடம் வேறொரு சிக்கல் தெரிந்தது.

அவர்கள் வருவதற்குள் காலம் கடந்திருந்தது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைக்குப் பயிற்சி இல்லையென்றால் தசைகள் இறுகிப்போகும், மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஆறு வயதில் பள்ளியில் சேர்க்கும்போது இழந்த ஆண்டுகளை எந்த ஆசிரியராலும் திருப்பித் தர முடியாது. மூளை வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகளிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். கிராமங்களிலோ இயன்முறை மருத்துவர்கள் இல்லை.

சங்கம் வீடுகளைத் தேடிப் போனது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, குழந்தை இருக்கும் வீட்டுக்கு அவர்களை அனுப்பியது. தலை நிற்கிறதா, குரல் கேட்டுத் திரும்புகிறதா, பொருளைப் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கைபேசிச் செயலியில் பதிந்தார்கள். தொலைவிலிருந்த நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொன்னார்கள். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற அந்தச் செயலியை உருவாக்கியது ஏதோ பெருநகரத்து மென்பொருள் கம்பெனியின் ஆசையல்ல. ஆய்க்குடியைச் சுற்றிய கிராமங்களின் தேவை. தாய்க்கு அதில் கிடைத்த ஆறுதலும் சிறியதல்ல. இது முன்வினை இல்லை, யார் சாபமும் இல்லை, செய்ய வேண்டிய வேலை இருக்கிறது என்று வாரந்தோறும் ஒருவர் வந்து சொன்னார்.

2016இல் வந்த புதிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது. சங்கரராமனுக்கு உள்ள தசைச்சிதைவும் அதில் தனியாக இடம்பெற்றது. 2020 குடியரசு தினத்தையொட்டி ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாகியிருந்தது.

ஆய்க்குடியில் அமைந்த வகுப்பறை எல்லா ஊரிலும் அமைய ஆசிரியர்கள் வேண்டும். 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கணக்குச் சொன்னது: தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். அந்த வேலையைச் செய்துவரும் தமிழகச் சிறப்பாசிரியர்கள் பல்லாண்டுகளாகத் தொகுப்பூதியத்திலேயே பள்ளி பள்ளியாக அலைந்தவர்கள். அவர்களுக்கு நிரந்தரப் பணி தந்து, நீதிமன்றம் சொன்ன எண்ணிக்கையில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் அரசு அமர்த்த வேண்டும்.